பாதிப் பேர் போலி என்று எழுதியிருந்தாயே

ஐந்தோவன், நெதர்லாந்து
நவம்பர் 2025

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே யாவரும் நலம். சின்னவளுக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன. சிரித்தால் ஐந்தாம் வகுப்புப் போட்டோவில் இருக்கும் நீயேதான். மார்கழியில் வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நெல்லிக்காய் வழக்கை அப்போது பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இன்று எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. முதியோர் உதவித்தொகைப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை உன்னிடம் வந்திருப்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். இறந்தவர் பேரில் மாதாமாதம் 1,200 ரூபாய் எடுப்பவர்கள், மாடி வீட்டில் இருந்துகொண்டு ஆதரவற்றோர் சான்று வாங்குபவர்கள், இதையெல்லாம் படித்து எனக்கும் வயிறெரிந்தது. ஆனால் கடைசியில், "பாதிப் பேர் போலி. மொத்தமாக நிறுத்தினால் உண்மையானவர்கள் தாமாக வந்து நிற்பார்கள்" என்று முடித்திருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நான் குடியிருக்கும் இந்த ஊரிலேயே அதைச் செய்து பார்த்துவிட்டார்கள், வாசுகி.

கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறாய்: குடியேறிகளைக் குறைக்க வேண்டும் என்ற அந்த ஓம்ட்சிக்ட் கட்சிக்காரர்கள் உங்களை மூட்டை கட்ட வைத்துவிடுவார்களா என்று. அந்தக் கட்சியே இப்போது நாடாளுமன்றத்தில் இல்லை. 2023-இல் 20 இடங்கள் வென்றது, போன மாதம் 29-ஆம் தேதித் தேர்தலில் ஓர் இடம்கூட இல்லாமல் போயிற்று. எனக்கு அதில் வருத்தம்தான். வெளிநாட்டுக்காரிக்கு அதில் என்ன வருத்தம் என்று நீ கேட்பாய். உன் இரண்டு கேள்விகளும் அந்தக் கட்சியைத் தொடங்கிய ஒரே மனிதரிடம்தான் போய் முட்டுகின்றன, பொறுமையாகக் கேள்.

பீட்டர் ஓம்ட்சிக்ட் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2003-இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். ஓய்வூதியம், வரி என்று மற்றவர்கள் புரட்டாமல் தள்ளிவைக்கும் கோப்புகளைப் படிப்பவர். நம் கணக்கு டீச்சரை நினைத்துக்கொள், அதே ரகம்.

2013 ஏப்ரலில் இங்கே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நாட்டையே கொந்தளிக்க வைத்தது. பல்கேரியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து ரோட்டர்டாமில் ஏதோ ஒரு முகவரியில் பதிவு செய்வார்கள். வாடகை உதவித்தொகைக்கும் மருத்துவக் காப்பீட்டு உதவித்தொகைக்கும் விண்ணப்பம் போவதோடு சரி, பணம் வந்ததும் ஆட்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். இங்கே உதவித்தொகையை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகுதான் சரிபார்ப்பார்கள், அதனால் வந்த வினை. மோசடி உண்மை. கொதிப்பும் நியாயம். கடுமையான நடவடிக்கை கேட்டவர்களில் ஓம்ட்சிக்டும் ஒருவர். இதை நீ மறக்காமல் படிக்க வேண்டும். அவர் மோசடிக்குப் பரிந்து பேசிய ஆள் கிடையாது.

அந்தச் சூட்டில் வரித்துறைக்குள் ஒரு தனிக் குழு அமைத்தார்கள். குழுவின் பார்வை குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை மீது விழுந்தது. வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் காப்பகக் கட்டணத்தில் பெரும் பங்கை அரசு கொடுக்கும். எங்கள் வீட்டுக்கும் வருகிறது. அதில்லாமல் நான் வேலைக்குப் போவதையே நினைத்துப் பார்க்க முடியாது. 2014-இல் இதே ஐந்தோவனில் ஒரு முகவர் நிறுவனத்தின் மீது சந்தேகம் வந்தது. அதன் வழியாகக் குழந்தையை விட்டிருந்த சுமார் 300 பெற்றோருக்கு ஒட்டுமொத்தமாகப் பணத்தை நிறுத்தினார்கள். குழுவில் நிலவிய அனுமானம் என்ன தெரியுமா? நூற்றுக்கு 80 பேர் மோசடிக்காரர்கள், 20 பேர் நல்லவர்கள். உன் 'பாதிப் பேர்' போலவே, யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை.

உண்மையானவர்கள் தாமாக வருவார்கள் என்கிறாயே, வந்தார்கள். ரசீது, ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் அனுப்பினார்கள். எந்தத் தாள் குறைகிறது என்று அவர்களிடம் சொல்ல ஆளில்லை. பெற்றோர் கட்ட வேண்டிய பங்கில் சில நூறு யூரோவுக்கு ரசீது இல்லையென்றால், ஆண்டு முழுவதும் வாங்கிய அத்தனையையும் திருப்பிக் கட்டு என்றார்கள். பல்லாயிரம் யூரோ! தவணை கேட்டால், 'வேண்டுமென்றே செய்தவர் அல்லது பெரும் அலட்சியக்காரர்' என்று கோப்பில் ஒரு முத்திரை. முத்திரை விழுந்தவருக்குத் தவணை கிடையாது. நீதிமன்றம் போனாலும் பலனில்லை. நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமே 2019 அக்டோபர் வரை இந்த முறை சட்டப்படி சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. வீடு போயிற்று, வேலை போயிற்று, கணவன் மனைவி பிரிந்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு இடங்களில் வளர்த்தார்கள். இந்த வரியை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

அதில் பெரும்பாலோர் யார் என்று நீயே ஊகித்திருப்பாய். துருக்கி, மொராக்கோ, சுரினாம் வழி வந்தவர்கள் ஏராளம். விண்ணப்பதாரர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா இல்லையா என்பதையும் வைத்து, இவர் மோசடி செய்யக்கூடியவரா என்று கணினி ஒரு மதிப்பெண் போட்டது. அது சட்டவிரோதம் என்று தகவல் பாதுகாப்பு ஆணையம் பின்னால் சொல்லி, வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஓர் அரசுத் துறை இன்னோர் அரசுத் துறைக்கு!

ஓம்ட்சிக்டின் கட்சி அப்போது ஆளும் கூட்டணியில் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அமைச்சராகக்கூட ஆகியிருக்கலாம். அவரோ சோஷலிஸ்ட் கட்சியின் ரென்ஸ்கே லெய்டனுடன் சேர்ந்துகொண்டு, எழுத்து மூலம் கேள்விக்கு மேல் கேள்வி அனுப்பித் தம் சொந்த அரசையே துளைத்தெடுத்தார். பெற்றோரின் வழக்கறிஞர் ஒருவரும் இரண்டு பத்திரிகையாளர்களும் பக்கத்தில் நின்றார்கள். 2019 டிசம்பரில் பெற்றோருக்கு அவரவர் கோப்பு கைக்கு வந்தது. அந்தப் பக்கங்களின் படத்தைப் பார்த்திருக்கிறேன்: வரிக்கு வரி கறுப்பு மை. தன்னைப் பற்றி அரசு என்ன எழுதி வைத்திருக்கிறது என்று படிக்க உட்கார்ந்த தாய்க்குத் தாளில் படிக்க ஒன்றுமில்லை.

2021 ஜனவரி 15 அன்று இதற்குப் பொறுப்பேற்றுப் பிரதமர் ருட்டேயின் அரசு மொத்தமாகப் பதவி விலகியது. பாதிக்கப்பட்டவர்கள் முதலில் 26,000 பெற்றோர் என்றார்கள். பின்னால் எண்ணிக்கை அதையும் தாண்டிவிட்டது. ஆளுக்கு 30,000 யூரோ இழப்பீடு அறிவித்தார்கள். அதைக் கொடுத்து முடிக்கும் பாடு இன்னும் ஓயவில்லை. மோசடியில் போயிருக்கக்கூடியதைவிட எத்தனை மடங்கு என்று உன் வட்டாட்சியர் கேட்டால் சொல்.

ஒரு பெண்மணியைப் பற்றி உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாண்ட்ரா பால்மென், வரித்துறையிலேயே சட்ட ஆலோசகர். 2017-இலேயே, இந்தப் பெற்றோருக்கு நாம் செய்தது தவறு, இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் அதை மூடிவைத்தார்கள். 2024-இல் ஓம்ட்சிக்டின் கட்சி, அந்த இழப்பீட்டு வேலைக்கே இணையமைச்சராக அவரைக் கொண்டுவந்தது. செய்தி வந்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கோப்பை வைத்திருக்கும் ஓர் அலுவலர் எழுதும் அரைப் பக்கம் எவ்வளவு பெரிய காரியம்! நீயும் அப்படி ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாய்.

இனி எங்கள் மூட்டை விவகாரம். இதே மனிதர்தான் 2023-இல் தனிக் கட்சி தொடங்கி, நாட்டுக்குள் வருவோரில் வெளியே போவோரைக் கழித்த கணக்கு ஆண்டுக்கு 50,000-க்கு மேல் போகக்கூடாது என்றார். உக்ரைன் போர் தொடங்கிய 2022-இல் அது 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இங்கே சுமார் 4 லட்சம் வீடுகள் பற்றாக்குறை, அதுவும் உண்மை. எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு ஐந்தாண்டு வரி கிடையாது. அதைப் படிப்படியாக 20, 10 என்று குறைக்க அவரே திருத்தம் கொண்டுவந்தார். அலுவலகத்தில் நம் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் ஆத்திரம். நாங்கள் முன்பே வந்துவிட்டதால் எங்களைத் தொடவில்லை. அடுத்து வந்த அரசு அதையும் பெரும்பாலும் திருப்பிவிட்டது.

எனக்கு ஆத்திரம் வரவில்லை. போதும், இனி இத்தனை பேர்தான் என்று ஒரு நாடு முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். எண்ணைச் சொல்லி, சபையில் விவாதித்து, ஓட்டெடுத்துச் சட்டமாக்கட்டும். அதோடு நான் வாதாட முடியும். பிடிக்காவிட்டால் கிளம்பவும் முடியும். நான் பயப்படுவது என் பேருக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாமல் போடப்படும் மதிப்பெண்ணுக்கு. ஓம்ட்சிக்ட் இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை, அதனால்தான் எனக்கு அவர்மேல் மரியாதை. குடியேறிகளை எதிர்க்கும் தீவிர வலதுசாரித் தலைவர் வில்டர்ஸோடு கூட்டணி சேர்ந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே இருந்தும், அகதிகள் விஷயத்தில் நாடாளுமன்றத்தைத் தாண்டி அவசரச் சட்டம் போடப் பார்த்தபோது அவருடைய கட்சிதான் குறுக்கே நின்றது. உடம்பும் மனமும் ஓய்ந்து, இந்த ஏப்ரலில் அரசியலை விட்டே போய்விட்டார்.

இங்கே வரித்துறைக் கடிதம் நீல உறையில் வரும். எங்களுக்கு வருவது பெரும்பாலும் வழக்கமான கணக்குதான், பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் பிரித்து முடிக்கும்வரை என் வீட்டுக்காரரும் நானும் பேசுவதில்லை. படிப்பும் சம்பளமும் உள்ள எங்களுக்கே இப்படி. உன் பட்டியலில் உள்ள கிழவிக்குத் தொகை வராத மாதம் என்ன ஆகும் என்று யோசி. தபால்காரரைக் கேட்பாள், வி.ஏ.ஓ.வைக் கேட்பாள், பஸ்ஸுக்குக் காசில்லாமல் உன் தாலுகா அலுவலகத்துக்கு வரமாட்டாள்.

போலியை விடாதே. இறந்தவர் பேரில் எடுப்பவன்மீது வழக்குப் போடு, மாடி வீட்டுக்காரரிடம் திரும்ப வசூல் செய். ஆனால் ஒவ்வொரு பேரையும் நேரில் பார்த்த பிறகு செய். நிறுத்துவதற்கு முன் காரணத்தைத் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள், பதில் சொல்ல நாள் கொடுங்கள். அதற்கு ஆள் தருவார்களா? தரமாட்டார்கள் என்றால் அதையும் எழுத்தில் மேலே அனுப்பி, ஒரு நகலை உன்னிடம் வைத்துக்கொள்.

என்ன முடிவெடுத்தாய் என்று நான் கிளம்புவதற்குள் எழுது. அத்தைக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். பெரியப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தேவி