மழையில் படங்களைக் காத்த ஆட்டோக்கார அண்ணனுக்கு

அண்ணா, சென்ற சனிக்கிழமை காலை திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூருக்கு உங்கள் ஆட்டோவில் பதினோரு ஓவியங்களோடு வந்தவள் நான். முதல்முறையாக விற்பனைக்கு வைக்கப்போகிறேன் என்ற பதற்றம் வேறு.

அடையாறு திரு.வி.க. பாலம் தாண்டியதும் மழை கொட்டியது. அக்ரிலிக் வண்ணம் காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. நீர்வண்ணம் அப்படியல்ல, சட்டத்துக்குள் ஈரம் இறங்கினால் தாள் உப்பி, வண்ணம் கலைந்துவிடும். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தை நீர்வண்ணத்தில்தான் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்திருந்தேன்.

நான் வாய் திறக்கும் முன்பே மந்தைவெளியில் வண்டியை ஓரங்கட்டினீர்கள். உங்கள் பக்கத்துப் படுதாவை அவிழ்த்து என் பக்கம் கட்டினீர்கள். மீதி வழி முழுவதும் நனைந்துகொண்டே ஓட்டினீர்கள்.

இறக்கிவிட்டதோடு போயிருக்கலாம். இரண்டு படங்களின் பின்னால் மாட்டும் கம்பி தளர்ந்திருப்பதைக் கண்டு குறடை எடுத்து வந்தீர்கள். “கம்பி கட்டும் வளையம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும் அம்மா, கீழே இறங்கினால் படம் முன்னால் சாயும்” என்று சொல்லியபடியே மாற்றிக் கட்டினீர்கள். இளவயதில் பாரிமுனையில் சட்டம் போடும் கடையில் வேலை பார்த்தீர்களாம். கூடுதலாக நீட்டிய பணத்தை வாங்கவில்லை. உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

தெப்பக்குளம் அன்று மாலையே விற்றுவிட்டது, அண்ணா. உங்களுக்காக அதைச் சிறிய அளவில் மறுபடி வரைந்து வைத்திருக்கிறேன். சட்டம் மட்டும் போடவில்லை. அதை நீங்களே போட வேண்டும்.