டிபியில் எதிர்ப்பு சக்தி கூடினாலும் ஆபத்துதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

உடல்நலப் பக்கங்களில் டிபி பற்றி எழுதுகிறவர்கள் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள்" என்றே முடித்துவிடுகிறார்கள். கூடக் கூட நல்லதுதானே என்று படிக்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். டிபி விஷயத்தில் அது உண்மையில்லை.

டிபி கிருமி குடியேறுவதே, அதை விழுங்கிச் செரிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு செல்லுக்குள்தான். விழுங்கப்பட்ட கிருமி ஒரு சின்னப் பைக்குள் கிடக்கும். அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் என்ற செல்லின் உள்ளுறுப்பு அந்தப் பையோடு சேர்ந்தால் கிருமி பிழைப்பது கஷ்டம், ஆனால் டிபி கிருமி அந்தச் சேர்க்கையையே தடுத்துவிட்டு உள்ளேயே பெருகுகிறது. டி செல்கள் என்ற வேறு எதிர்ப்பு செல்கள் அனுப்பும் காமா இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞைப் புரதம் வந்த பிறகுதான் மேக்ரோஃபேஜுக்கு வேகம் பிடிக்கிறது. இந்த சமிக்ஞை பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகளுக்கு, பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமிகூட உடல் முழுக்கப் பரவிவிடும்.

எதிர்ப்பு செல்கள் சுரக்கும் டிஎன்எஃப் என்ற இன்னொரு சமிக்ஞை மூலக்கூறு இன்னும் சிக்கல். அது குறைந்தால் செல்லுக்குள் கிருமி தாறுமாறாகப் பெருகும். சரி, கூடினால்? டிபி ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணன் குழுவினர் 2013-ல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில், டிபியின் நெருங்கிய உறவுக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். குஞ்சின் உடல் ஒளி ஊடுருவும் என்பதால் நடப்பதை உயிரோடு மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடிகிறது. டிஎன்எஃப் அதிகமானால் மேக்ரோஃபேஜ் முதலில் கிருமிகளை நன்றாகவே கொல்கிறது, அப்புறம் அதுவே வெடித்துச் சாக, மிச்சக் கிருமிகள் வெளியே கொட்டித் தடையில்லாமல் வளர்கின்றன.

இது மீனோடு போகிற கதை இல்லை. முடக்குவாதத்துக்குப் போடும் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஊசிகள் அடக்குவது இதே டிஎன்எஃப்பைத்தான். மூட்டு வலி குறைகிறது, உண்மை. ஆனால் உடலில் அடங்கிக் கிடந்த டிபியும் கிளம்பிவிடலாம் என்பது 2001-லேயே தெரிந்துவிட்டது. உலக டிபி நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இருக்கும் நாட்டில் இதை லேசாக விட முடியுமா? என் சித்திக்கு இந்த ஊசியை எழுதித் தந்த இடத்தில் டிபி பரிசோதனை பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, நாங்கள் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்ரேயும், தோலிலோ ரத்தத்திலோ டிபி பரிசோதனையும் எடுக்க வேண்டும், கிருமி மறைந்திருந்தால் அதற்கான மாத்திரையை முதலில் தொடங்க வேண்டும். அடுத்த முறை முடக்குவாத சிகிச்சை பற்றி எழுதும்போது இந்த இரண்டையும் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி