ஜெர்மன் தளபதிகளின் பதவிப் பெயர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கில நூல்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவற்றில் ஜெர்மன் பதவிகள் தப்பாக மாற்றப்பட்டிருந்தால், அந்தத் தப்பு அப்படியே தமிழுக்கும் வந்துவிடுகிறது.

1944 ஜூன் 26 அன்று பிரான்ஸில் உள்ள ஷெர்பூர் துறைமுகக் கோட்டையின் ஜெர்மன் தளபதி ஃபான் ஷ்லீபன் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார். அவருடைய பதவி 'கெனரால்லாய்ட்னான்ட்'. இதை 'லெப்டினன்ட் ஜெனரல்' என்று எழுதிவிடுகிறார்கள். சரணை ஏற்ற மான்டன் எடி, 9-வது காலாட்படை டிவிஷனை நடத்திய மேஜர் ஜெனரல். படிப்பவருக்கு என்ன தோன்றும்? தன்னைவிட ஒரு படி கீழே உள்ளவரிடம் ஷ்லீபன் சரணடைந்தார் என்றுதானே? உண்மையில் இருவரும் சமம்.

அன்றைய ஜெர்மன் ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரல் என்ற பதவிப் பெயரே கிடையாது. கர்னலுக்கு அடுத்தது நேராக 'கெனரால்மயோர்'. 1940 பிப்ரவரியில் 7-வது பான்சர் (டாங்கிப் படை) டிவிஷனை ஏற்றபோது ரோமெல் இந்தப் பதவியில்தான் இருந்தார். அமெரிக்கக் கணக்கில் அது ஒற்றை நட்சத்திரப் பதவி, அதாவது பிரிகேடியர் ஜெனரல். அதற்கு அடுத்த படியான 'கெனரால்லாய்ட்னான்ட்'தான் மேஜர் ஜெனரலுக்கு இணை. 'கெனரால்ஓபர்ஸ்ட்' கதை இன்னும் மோசம். 'கர்னல் ஜெனரல்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஏதோ கர்னலுக்குப் பக்கத்துப் பதவி போலத் தெரிகிறது. பீல்டு மார்ஷல் ஆவதற்கு முன் ஸ்டாலின்கிராடில் பவுலுஸ் வகித்தது அந்தப் பதவிதான். அமெரிக்காவில் அதற்கு இணை நான்கு நட்சத்திர ஜெனரல்.

அமெரிக்கப் போர்த்துறை ஜெர்மன் ராணுவத்தைப் பற்றி 1945 மார்ச்சில் வெளியிட்ட கையேடு இந்த இணைகளைச் சரியாகவே தந்தது. இருந்தும், பெயரின் ஒலியை மட்டும் பார்த்து மாற்றும் பழக்கம் போகவில்லை. போருக்குப் பின் உருவான ஜெர்மன் ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரல் பதவி உண்டு. அதனால் இன்றைய 'கெனரால்மயோர்' மேஜர் ஜெனரலேதான். ஆகவே, மொழிபெயர்ப்பவர் ஆண்டையும் பார்த்தாக வேண்டும்.

படைப்பிரிவுகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. டாங்கிப் படையில் 'அப்டைலுங்' என்றால் ஒரு பட்டாலியன். அகராதியைப் பார்த்துப் 'பிரிவு' என்று எழுதினால் அதன் அளவே தெரியாமல் போய்விடும்.

இனி வரும் போர் வரலாற்றுக் கட்டுரைகளில் ஜெர்மன் பதவியை அதே பெயரில் தாருங்கள். முதல்முறை வரும் இடத்தில், அவர் எந்தப் படையை நடத்தினார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி