தெற்கு வளைவை வெட்டாதீர்கள்

கல்லூரி விளையாட்டரங்கச் சீரமைப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் தருமபுரியிலிருந்து ஒரு பழைய மாணவனின் வணக்கம்.

அலுவலக வராந்தாவில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் போன வாரம் வெகுநேரம் நின்று பார்த்தேன். புதிய நுழைவாயில், கேலரிக்குக் கூரை, விழா மேடை, சிமெண்ட் கல் பதித்த நடைபாதை. இத்தனை ஆண்டுகளாக யாரும் திரும்பிப் பார்க்காத மைதானத்துக்குப் பணம் ஒதுக்க வைத்திருக்கிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் வரைபடத்தின் தென்கோடியில் ‘வாகன நிறுத்தம்’ என்று எழுதிய கட்டத்தைக் கண்டதும் நெஞ்சு பதைத்தது. ஓடுதளத்தின் தெற்கு வளைவு இருப்பது அந்த இடத்தில்தான். அதை எடுத்துவிட்டால் 400 மீட்டர் சுற்று 300 மீட்டராகச் சுருங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த மடல்.

அந்த வளைவு எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது அங்கே இருந்தது வேலிக்காத்தான் மண்டிய கரம்பு. வடபக்கம் ஓரளவு சமதரை. தென்பக்கம் பாறை முதுகு. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாங்கள் புதரை வெட்டினோம். பாறையை எங்களால் அசைக்க முடியவில்லை. கல்லுடைக்கும் தொழிலாளர்கள் வந்து உளி வைத்துப் பிளந்து கொடுத்தார்கள். அந்தக் கற்களைத்தான் படிப்படியாக அடுக்கிக் கேலரி ஆக்கினோம். அந்தப் படிகளின் மேல் டைல்ஸ் ஒட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம் ஐயா. மழையில் டைல்ஸ் வழுக்கும். அந்தக் கருங்கல்லில் நாற்பது ஆண்டுகளில் ஒருவர் கூட வழுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை.

அன்றைய உடற்கல்வி இயக்குநர் தளம் போட்ட நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. நடுவில் முளை அடித்து அரைவட்டம் போடக் கயிற்றோடு போனோம். “கயிறு இழுத்தால் நீளும்” என்று சொல்லி அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டுக்கம்பி வாங்கி வரச் சொன்னார். மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் சுண்ணாம்பு தூவவிட்டார். 400 மீட்டர் ஓட்டத்தில் வெளித்தடத்தில் ஓடுபவர் வளைவில் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். அதை ஈடுகட்ட இரண்டாம் தடத்துக்காரர் 7.04 மீட்டர் முன்னேயும், மூன்றாம் தடத்துக்காரர் 14.70 மீட்டர் முன்னேயும் நிற்க வேண்டும். அந்தப் புள்ளிகளில் ஒவ்வொரு கல் நட்டு, தடத்தின் எண்ணை உளியால் கொத்தி வைத்தார். சுண்ணாம்பு ஒரே மழையில் கரைந்துவிடும், கல் இருக்கும் என்பது அவர் கணக்கு. புல்லை விலக்கிப் பாருங்கள், இன்றைக்கும் நான்கு கற்கள் இருக்கின்றன. மண்ணில் நட்ட கல்லுக்கு மதிப்புக் கொடுக்கத் தெரிந்த மாவட்டம் இது. நடுகற்களைக் கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கிறோம். இந்த நான்கு கற்களையும் பொக்லைன் பெயர்த்துப் போட விடாதீர்கள்.

1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தைப் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி, நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்தச் செய்தித்தாளை விடுதியில் கிழியக் கிழியப் படித்தோம். அதற்குப் பிறகுதான் எங்கள் மைதானத்துக்கு மாணவிகள் ஓட வந்தார்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வெறுங்காலோடு ஓடுவாள். தெற்கு வளைவில் நுழையும்போது இடதுபக்கம் லேசாகச் சாய்ந்து, வேகம் குறையாமல் வெளியே வருவாள். அவளைப் பார்த்துத்தான் வளைவில் எப்படி ஓடுவது என்று நான் கற்றுக்கொண்டேன். 300 மீட்டர் தளத்தில் வளைவு நெருக்கமாகிவிடும். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் பாரம் கூடும். போட்டிகள் நடப்பதோ 400 மீட்டர் தளத்தில். நம் பிள்ளைகள் வேறொரு வளைவில் பழகிவிட்டு அங்கே போய் நிற்பார்கள்.

இடம் போதாது என்று பொறியாளர் சொன்னதாகக் கேள்வி. இன்றைய தர அளவுப்படி நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். எட்டுத் தடங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும். சுமார் நான்கு ஏக்கர். அந்த இடம் நம்மிடம் இருக்கிறது. நெருக்கடி என்றால் ஆறு தடங்களோடு நிறுத்துங்கள். வண்டிகளை வாசலுக்கு வெளியே, புங்க மரத்தடியில் நிறுத்தலாம்.

சிந்தடிக் (செயற்கை ரப்பர்) தளமா மண் தளமா என்ற பேச்சும் நடக்கிறது. சிந்தடிக் கேட்பவர்களின் ஆசை நியாயமானது; 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலேயே அது வந்துவிட்டது. ஆனால் 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தப் பரப்புக்குக் கீழே உறுதியான தார்த்தளம் வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேற்பரப்பைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான பணம் ஆண்டுதோறும் வரும் என்று எழுத்தில் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் நல்ல மண் தளமே மேல். எதைப் போட்டாலும் முதல் செலவு வடிகாலுக்கு இருக்கட்டும். உள்விளிம்பை ஒட்டி ஓடிய வாய்க்கால் தூர்ந்ததிலிருந்துதான் ஐப்பசி மழையில் தென்பக்கம் குளமாக நிற்கிறது. தளம் கெட்டதற்குக் காரணம் தண்ணீர். கூரையும் நுழைவாயிலும் அதைச் சரிசெய்யாது.

இன்னொன்று, வரைபடத்தில் பெண்களுக்கு உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் இல்லை. மேடைக்குப் பின்னால் விருந்தினர் அறை இருக்கிறது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சீரமைத்த பிறகு மாலை ஐந்து முதல் ஆறரை வரை மட்டுமே திறப்பது என்று முடிவாகியிருப்பதாகக் காவலாளி சொன்னார். விடியற்காலை ஐந்தரைக்கு அங்கே யார் ஓடுகிறார்கள் என்று குழுவில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? காவலர் தேர்வுக்குத் தயாராகும் கிராமத்துப் பிள்ளைகள். ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மூன்றே முக்கால் சுற்று. பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். சரியாக ஒரு சுற்று. நல்லம்பள்ளியிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள் இல்லைதான். ஆனால் தளம் இத்தனை நாள் புல் மூடிப்போகாமல் இருப்பதே அவர்கள் கால் படுவதால்தான். அந்த வளைவையும் எடுத்து, கதவையும் பூட்டினால் அவர்கள் ஓடப்போவது லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில்.

வரைபடத்தில் கையெழுத்து ஆகும் முன் ஒரு நாள் விடியற்காலையில் வாருங்கள். பொறியாளரையும் அழைத்து வாருங்கள். வடக்கு முளையிலிருந்து தெற்கு முளை வரை சேர்ந்து அளந்து பார்ப்போம். நூறு மீட்டர் எஃகு நாடா என்னிடம் இருக்கிறது. ஐந்தரை மணிக்குக் கேலரியின் முதல் படியில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் தடத்தில் ஓடிய பழைய மாணவன்