அமெரிக்காவின் வூஸ்டரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. பெரிய அத்தை வீட்டு விவகாரம் நீ சொன்னபடியே முடிந்தது. அதை அம்மா விரிவாகச் சொல்லுவாள். நான் எழுத உட்கார்ந்தது வேறொரு காரியத்துக்காக. தொலைபேசியில் நான் பேச ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி இடைமறிக்க முடியாது.

உன் ஊர்ப் பொது நூலகத்துக்கு வெளியே சைக்கிள் பந்தய வீரர் மேஜர் டெய்லருக்கு 2008-ல் வைத்த நினைவுச் சின்னம் இருக்கிறதே, அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு என்று நீ அங்கே வேலைக்குப் போன புதிதில் கேட்டேன். அலுவலகம் போகும் வழிதான், நாளைக்கு எடுக்கிறேன் என்றாய். அந்த நாளை இன்னும் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மனிதரைப் பற்றி நீ கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மார்ஷல் டெய்லர் 1878-ல் இண்டியானாபொலிஸில் பிறந்த கறுப்பினத்தவர். சிறுவனாக ஒரு சைக்கிள் கடையின் வாசலில் படைவீரர் உடுப்பு அணிந்து வித்தை காட்டியதால் 'மேஜர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1894-ல் அமெரிக்கச் சைக்கிள் ஓட்டிகள் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. அடுத்த ஆண்டே, லூயிஸ் மங்கர் என்ற சைக்கிள் உற்பத்தியாளர் அவரைத் தன்னோடு உங்கள் வூஸ்டருக்கு அழைத்து வந்தார். அந்தக் காலத்தில் சைக்கிள் என்பது இன்றைக்கு உன் துறையில் பேசப்படும் புதுமைகளைப் போல, முதலீடும் மூளையும் ஒருசேரப் பாய்ந்த தொழில். ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய பாகங்களைச் செய்யக் கற்ற கைத்திறன் தையல் இயந்திரத்துக்குப் போய், ஹார்ட்ஃபோர்டில் ஆல்பர்ட் போப்பின் சைக்கிளுக்கு வந்து, பின்னர் மோட்டார் காருக்குத் தாவியது. இதெல்லாம் உனக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். நான் சொல்ல வந்தது ஆறு நாள் பந்தயத்தைப் பற்றி.

1896 டிசம்பரில் நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் அந்தப் பந்தயம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டி கூடாது என்பதால் திங்கட்கிழமை பிறந்தது முதல் சனிக்கிழமை இரவு வரை, கிட்டத்தட்ட 142 மணி நேரம், யார் அதிகத் தூரம் ஓட்டுகிறாரோ அவருக்கே பரிசு. எப்போது வேண்டுமானாலும் இறங்கித் தூங்கலாம், தடை இல்லை. ஆனால் தூங்குகிறவனை விழித்திருப்பவன் முந்திவிடுவான். ஆகையால் யாரும் தூங்க மாட்டார்கள். இந்த ஏற்பாட்டின் கொடுமை எங்கே இருக்கிறது என்று பார்: "நீ தூங்காதே" என்று யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. தேவையான நேரத்துக்கு வேலை செய்யலாம், வேண்டியபோது விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று உன் அலுவலகத்தில் இருப்பதாக நீ பெருமையாகச் சொன்னபோது எனக்கு இந்த அரங்கம்தான் நினைவுக்கு வந்தது.

டெய்லருக்கு அப்போது பதினெட்டு வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. குறுந்தூர ஓட்டக்காரர் அவர். இவ்வளவு நீண்ட பந்தயத்தில் அதற்கு முன் இறங்கியதே இல்லை. கடைசி நாட்களில், கையில் கத்தியோடு ஒருவன் தன்னைத் துரத்துகிறான், இனி ஓட்ட மாட்டேன் என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அப்படி எவனும் அங்கே இல்லை. தூக்கம் கெட்ட மூளை தானாக ஒருவனை உண்டாக்கிக்கொண்டது. ஆனாலும் 1,732 மைல் ஓட்டி எட்டாவதாக வந்தார். முதலில் வந்த டெடி ஹேல் 1,910 மைல் ஓட்டினார். இத்தகைய பந்தயங்களில் பயிற்சியாளர்கள் காபியோடு நிற்கவில்லை, ஸ்ட்ரிக்னைன் போன்ற விஷங்களையும் அளவாகக் கொடுத்து ஆட்களை விழிக்க வைத்தார்கள். உன் மேசையில் அந்த உயரமான தகர டப்பாக்கள் வரிசையாக இருந்ததை அம்மா பார்த்துவிட்டு அது என்ன குளிர்பானம் என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு நியூயார்க் நாளிதழே இது விளையாட்டு அல்ல, மிருகத்தனம் என்று தலையங்கம் எழுதியது. பிறகு அந்த மாநிலம், ஒருவர் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் செய்தது. பந்தயம் நடத்தியவர்கள் இருவரை ஓர் அணியாக்கி, ஒருவர் ஓட்ட மற்றவர் ஓய்வெடுக்குமாறு மாற்றி அமைத்தார்கள். கூட்டமும் குறையவில்லை, வசூலும் குறையவில்லை. அந்த முறை இன்றும் 'மேடிசன்' என்ற பெயரில் ஒலிம்பிக்கில் இருக்கிறது. எனக்கு இதில் முக்கியமாகத் தோன்றுவது, அந்த மாற்றம் ஓட்டக்காரர்களிடமிருந்து வரவில்லை என்பது. அவர்களில் ஒருவன்கூடத் தானாக இறங்கியிருக்க மாட்டான். முப்பது ஆண்டுக்கு மேல் மைதானத்தில் நின்றவன் சொல்கிறேன், நல்ல ஓட்டக்காரப் பிள்ளைக்குத் தன்னை நிறுத்தத் தெரியாது. விசில்தான் நிறுத்த வேண்டும்.

உன்னைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் மாவட்டப் போட்டியில் காய்ச்சலோடு 1,500 மீட்டர் ஓடிக் கோப்பை வாங்கியது நீதான். மைதானமே எழுந்து நின்றது. தலைமையாசிரியர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். அம்மா மட்டும் பல நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் கோப்பை இன்றும் கூடத்து அலமாரியில்தான் இருக்கிறது, வருகிறவர்களுக்கு நான் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தூக்கத்தைப் பற்றி எழுதினால் இது வயதானவரின் புலம்பல், தொழில் தெரியாதவரின் பேச்சு என்பாய். ஆகவே உன் துறையினரே குருவாகக் கொள்ளும் இன்னொரு டெய்லரிடம் வருகிறேன். ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர், பிலடெல்பியாவைச் சேர்ந்த வசதியான குடும்பத்துப் பிள்ளை, தொழிலாளியின் வேலையை நொடிக்கணக்கில் அளக்க ஸ்டாப்வாட்ச்சோடு தொழிற்சாலைக்குள் நுழைந்த மனிதர். அவரும் விளையாட்டுக்காரர்தான் என்பது பலருக்குத் தெரியாது: 1881-ல் கிளாரன்ஸ் கிளார்க்குடன் சேர்ந்து அமெரிக்க டென்னிஸ் இரட்டையர் பட்டம் வென்றார், 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோல்ஃபில் நான்காவதாக வந்தார். பெத்லகேம் எஃகு ஆலையில் 92 பவுண்டு எடையுள்ள, அதாவது நம் கணக்கில் நாற்பத்திரண்டு கிலோ வரும் இரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் பெட்டியில் ஏற்றும் கூலியாட்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 12½ டன் ஏற்றிவந்ததை 47½ டன்னாக உயர்த்திக் காட்டியதாக எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. வேலை நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைய உயர்ந்தபோது கூலி இரண்டு மடங்குகூட ஆகவில்லை என்பதை நீயே கணக்குப் போட்டுக்கொள். கதையை அவர் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னார் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள், அது இருக்கட்டும்.

அதே மனிதர், நேரத்தில் ஒரு நொடியையும் வீணாக்க விரும்பாத அந்த மனிதர், அதே கணக்கில் இன்னொன்றும் எழுதினார். அந்த எடையைத் தூக்கும் முதல்தரத் தொழிலாளி வேலை நேரத்தில் 43 விழுக்காடு மட்டுமே சுமையோடு இருக்க முடியும், மீதி 57 விழுக்காடு அவன் கையில் சுமையே இருக்கக்கூடாது என்றார். ஓய்வை அவர் இரக்கத்தால் கொடுக்கவில்லை, கொடுக்காவிட்டால் 47½ டன் வராது என்பதால் கொடுத்தார். முதலாளியின் பக்கம் நின்று கணக்குப் போட்டவரே பாதிக்கு மேல் ஓய்வு என்கிறபோது, நீ எந்தக் கணக்கில் இரவு மூன்று மணிக்கு எனக்குப் பதில் அனுப்புகிறாய்? உன் மேலாளர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார். அந்த 57-ஐயும் அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஸ்டாப்வாட்ச்சை எல்லோரும் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்கள் என்றும் நினைக்காதே. உன் மாசசூசெட்ஸ் மாநிலத்திலேயே, பாஸ்டனுக்கு அருகே வாட்டர்டவுன் படைக்கலத் தொழிற்சாலையில், 1911 ஆகஸ்டில் ஒரு வார்ப்புத் தொழிலாளி தன்னை நேரம் பார்த்து அளக்கக்கூடாது என்று மறுக்க, உடன் வேலை செய்தவர்கள் அவரோடு வெளிநடப்புச் செய்தார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரை போனது, டெய்லர் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னார், 1915-ல் அத்தகைய அரசுத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் பயன்படுத்துவதற்கே தடை வந்தது. முடியாது என்று ஒருவர் சொன்னால் கூட நிற்க ஆள் இருப்பார்கள். சொன்னால்தான் தெரியும். டெய்லர் அந்த ஆண்டே இறந்தார், வயது ஐம்பத்தொன்பது. சிறுவயது முதலே கெட்ட கனவுகளால் தூக்கம் கெட்டு, மல்லாந்து படுக்காமல் இருக்கத் தோல்வார்களால் தானே ஒரு கருவி செய்து கட்டிக்கொண்டு படுத்தவர் அவர்.

தூங்கு என்று சொல்லத்தான் இவ்வளவும். எட்டு மணி நேரம் தூங்கு. முடியாவிட்டால் ஏழு.

சில வாரங்களாக நீ கேமராவை அணைத்துவிட்டே பேசுகிறாய். இணைய வேகம் சரியில்லை என்கிறாய். அமெரிக்காவில் இருக்காது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தம்பியிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அக்காவிடம் பேசினாயா என்று அம்மா கேட்டதும் அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டான். அவன் தன் தட்டைத் தானே எடுத்து வைக்கிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். நான் எதையும் கேட்கப் போவதில்லை. மருத்துவச் செலவு ஏதேனும் வந்தால் அங்கே கட்டணம் எப்படி என்று நான் படித்திருக்கிறேன், என் வைப்புத் தொகை முதிர்ந்திருக்கிறது, அவ்வளவு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மேஜர் டெய்லர் பெயர் பெற்றது அந்த ஆறு நாள் பந்தயத்தால் அல்ல. 1899-ல் மான்ட்ரியலில் ஒரு மைல் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் போட்டி அது. பக்தியுள்ள பாப்டிஸ்டு கிறிஸ்தவர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஓட்ட மாட்டேன் என்று ஐரோப்பிய அழைப்புகளைத் தள்ளிப்போட்டு, அந்த நிபந்தனையை அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே 1901-ல் பாரிஸ் போனார். எவ்வளவு பணம் காட்டியும் ஒரு நாளை விட்டுக்கொடுக்காத மனிதர் என்பதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். அவருடைய கடைசிக் காலம் நன்றாக இல்லை. மனைவியும் மகளும் பிரிந்திருந்தார்கள்; 1932-ல் சிகாகோவில் மருத்துவமனையின் இலவசப் பிரிவில் இறந்து, ஏழைகளுக்கான குழியில் புதைக்கப்பட்டார். 1948-ல்தான் பழைய ஓட்டக்காரர்கள் சிலர் தேடி எடுத்து முறையாக அடக்கம் செய்தார்கள். அந்த மகள் சிட்னியில் பிறந்தவள், ஊரின் பெயரையே அவளுக்குச் சேர்த்து வைத்திருந்தார். இந்தப் பகுதியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

இனி நான் கேட்பது. வூஸ்டரிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு ஒரு மணி நேரப் பயணம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் பீச் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தை உண்டாக்கிய ஊர், நான் படித்த நந்தனம் உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி பக் படித்த ஊர். நெய்ஸ்மித் எழுதிய பதின்மூன்று விதிகளில், பதினைந்து நிமிட ஆட்டம் இரண்டு, இடையில் ஐந்து நிமிட ஓய்வு என்பதும் ஒன்று. அது ஆட்டத்துக்கு வெளியே கிடைத்த சலுகை அல்ல, விதி. பக்கத்திலேயே ஹோலியோக், கூடைப்பந்து அதிகக் களைப்பைத் தருகிறது என்ற நடுத்தர வயது வணிகர்களுக்காக வில்லியம் மார்கன் 1895-ல் கைப்பந்தைக் கண்டுபிடித்தது அங்கேதான். ஒரு சனிக்கிழமை இரண்டு ஊருக்கும் போய் வா. மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டுப் போ. எனக்குப் படம் வேண்டாம்.

பங்குனியில் கோயில் கொடை வருகிறது. நீ வருவதாக இருந்தால் சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸுக்கு அறுபது நாள் முன்னதாகத்தான் முன்பதிவு திறக்கும். திறந்த அன்றே போடாவிட்டால் காத்திருப்புப் பட்டியல்தான். தேதியை எனக்கு மட்டும் சொல். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டால் முறுக்கு சுட ஆரம்பித்துவிடுவாள், பிறகு நீ வராமல் போனால் அதை நான்தான் தின்று தீர்க்க வேண்டும். விடுப்புக் கொடுக்க மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை அப்படியே எழுது.

அன்புடனும் ஆசிகளுடனும்,
அப்பா