செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: நம் ஃபாஸ்டர் வீடுகள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவு, கருத்தடை, தடுப்பூசி விவரங்களைப் பொருளாளர் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளில் வராத ஒன்றைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். மீட்ட நாயைத் தத்துப் போகும்வரை வீட்டில் வைத்துப் பார்க்கிற ஃபாஸ்டர் வீட்டுக்காரர்கள் இல்லையென்றால் நம் சங்கமே இல்லை. அவர்களில் சிலர் இந்த ஆண்டு ஒதுங்கிக்கொண்டார்கள். செலவுக்குப் பயந்து யாரும் போகவில்லை, மனசு தாங்காமல்தான் போனார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தண்ணீர் வடியும் முன்பே கிருஷ்ணா நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியிலிருந்து நான்கு குட்டிகளை எடுத்தோம். தாயைக் காணவில்லை. முத்தியால்பேட்டையில் இருக்கும் நம் டீச்சரம்மா நாலையும் வாங்கிக்கொண்டார். தட்டுக்குள்ளேயே காலை வைத்துக்கொண்டு அவை தயிர்சோறு தின்ற வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் நாள் ஒரு குட்டி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் வாந்தி, ராத்திரி ரத்தப்பேதி. பார்வோ என்கிற வைரஸ் நோய்.

பார்வோவுக்குச் சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பு தானாக மீள்கிறதா என்று காத்திருப்பதுதான் பெரும்பாலும் வைத்தியம். டீச்சரம்மா ஜன்னல் கம்பியில் பழைய புடவைக் கிழிசலால் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார். ஊசி பிடுங்கிக்கொள்ளாமல் குட்டியின் முன்னங்காலைப் பிடித்தபடி, சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். மூன்று குட்டிகள் போய்விட்டன. நாலாவது, அந்த வெள்ளை மூக்குக்காரி, ஒரு விடியற்காலையில் எழுந்து தள்ளாடித் தள்ளாடி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போயிருக்கிறாள். "தண்ணி குடிக்கிறா தம்பி" என்று போனில் சொன்னார். அதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

அப்புறம்தான் அவருக்குக் கஷ்டமான காலம். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும். பிளீச்சிங் போட்டுக் கழுவினாலும், தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்குள் விட முடியாது. துக்கத்தை மறக்க இன்னொரு குட்டியைத் தூக்கிக்கொள்ளவும் வழியில்லை. "நான்தான் கொன்னுட்டேனோ" என்று ஒரு நாள் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில் பொதுக்குழுவிலேயே பதிவாக வேண்டும் என்று விரும்புகிறேன்: இல்லை. தொற்றிய 3 முதல் 7 நாளில்தான் அறிகுறியே தெரியும். அவர் வீட்டில் அதற்கு முன் பார்வோ வந்ததில்லை. குட்டிகள் நம் கைக்கு வரும்போதே கிருமியோடுதான் வந்திருக்க வேண்டும். ஒன்று பிழைத்ததே அவரால்தான்.

வெள்ளை மூக்குக்காரி இப்போது லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள். அவளைக் கொடுத்தனுப்பிய அன்று டீச்சரம்மா வீடு, பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு போல இருந்தது.

தத்துக் கொடுத்த நாய் திரும்பி வருவது வேறு மாதிரி வலி. அரியாங்குப்பத்தில் ஒரு இளம் தம்பதி தேற்றிக் கொடுத்த கறுப்பு நாய், வீட்டு ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. சோறு தொடாமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. "நம்ப வச்சு ஏமாத்தினது நாங்கதானேண்ணா அதுக்கு" என்றார் அந்தத் தம்பி. அவர்கள் இப்போது நாய் எடுப்பதில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இனிமேல் வாடகை வீட்டுக்காரர்களிடம் ஓனரின் சம்மதக் கடிதம் வாங்காமல் நாயைக் கொடுப்பதில்லை என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது.

தெருவில் வளர்ந்த நாயை மறுபடி தெருவில் விடுவது இன்னும் சிரமம். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதி. முதலியார்பேட்டை செவலைக்கு வாராவாரம் கட்டிக்கான ஊசி போட்டு, பிறகு கருத்தடையும் செய்து, அதன் டீக்கடை வாசலிலேயே விட்டோம். பார்த்துக்கொண்ட உறுப்பினர் இன்றைக்கும் வேலைக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகச் சுற்றித்தான் போகிறார். அந்த பெட்ரோல் செலவைச் சங்கமே கொடுக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

சரி, வரும் ஆண்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு ஃபாஸ்டர் வீட்டுக்கும் துணைக்கு ஒரு உறுப்பினர் இருப்பார். தினமும் பேச வேண்டும், ராத்திரி கூப்பிட்டாலும் போக வேண்டும். ஒரு நாய் இறந்துவிட்டாலோ தத்துப் போய்விட்டாலோ, அவர்களே கேட்கும்வரை அடுத்த நாய்க்காக யாரும் அவர்களை நச்சரிக்கக் கூடாது. கொடுக்க மனசில்லாமல் தாங்களே வைத்துக்கொண்டவர்களைக் குழுவில் கேலி செய்வதையும் நிறுத்திவிடுவோம். அந்த நாய்க்கு ஒரு வீடு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாய்களைக் கையாளும் எல்லோரும் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டிருக்க வேண்டும். கடிபட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் "ஆண் குட்டி இருக்கா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதனால் இரண்டு பெண் குட்டிகள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன. தடுப்பூசி போட்டாகிவிட்டது, வயது வந்ததும் கருத்தடைச் செலவு சங்கத்துடையது. யாராவது கேட்டால் தயவுசெய்து என்னிடம் அனுப்புங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்