மிச்ச சோப்பைக் கட்டியாக்கிய கைகளுக்கு

அன்புள்ள அக்காமாருக்கும் சேச்சிமாருக்கும் போடி ஜீப் அண்ணன்மாருக்கும்,

ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. சின்னக்கானல், பூப்பாறை, மூணாறு, போடி என்று நாலு பக்கமும் சிதறிக் கிடக்கிறீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

ரிசார்ட் அறைகளில் மிஞ்சும் சோப்பைப் புதுக் கட்டியாக்கி மழை முகாமில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் இந்த வேலை எப்படித் தொடங்கியது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2020 ஆகஸ்ட்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் ஒரே ராத்திரியில் மண் சரிந்து 70 உயிர்கள் போயின. அதிலிருந்து மழை வலுத்தாலே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்குக் கண் மூடாது. அப்படி ஒரு ஆடி மழையில் சில குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அரிசி வந்தது, கம்பளி வந்தது, பிஸ்கட் வந்தது. ஒரு தாய் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "டீச்சர், ஒரு துண்டு சோப்பு கிடைக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. துணி மாற்றிய கையோடுதான் மூத்ததற்குச் சோறு ஊட்ட வேண்டியிருந்தது. சோப்பு போட்டுக் கை கழுவினால் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று அங்கன்வாடியில் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அன்றைக்கு என் பையில் சோப்பு இல்லை.

அந்தப் பள்ளி வாசலில் நின்றால் எதிர் மலையில் ரிசார்ட் விளக்குகள் தெரியும். அங்கே அறை சுத்தம் செய்யும் ஒரு அக்காவிடம் மறுநாள் இதைச் சொன்னேன். "ஒரு ராத்திரி தங்குறவங்க ரெண்டு தடவ கை கழுவுவாங்க. மிச்சம் அப்படியே குப்பைக்குத்தான் போகுது டீச்சர்" என்றார். அடுத்த வாரம் ஒரு பழைய பெயின்ட் வாளி நிறையக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். முதல் நன்றி அந்த அக்காவுக்கு.

அவருக்குப் பின்னால் வந்த நீங்கள் எல்லோரும் செய்தது சின்ன வேலை இல்லை. ஒரு அறை முடித்து அடுத்த அறைக்கு ஓட வேண்டிய அவசரத்தில், குழைந்து போன கட்டியைக் கிண்ணத்திலிருந்து வழித்து, ஒட்டியிருக்கும் முடியை எடுத்து, மூடி போட்ட வாளியில் தனியாகச் சேர்த்தீர்கள். அதற்குக் கூடுதல் சம்பளம் கிடையாது. உங்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். சோப்பு தீர்ந்தால் அடுத்த சம்பளம் வரை என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வேலையின் உயிர் அந்த வாளிகளில்தான் இருந்தது.

இது நம் மூளையில் உதித்த யோசனை இல்லை. உகாண்டாவிலிருந்து அகதியாகப் போன டெரிக் கயோங்கோ, அமெரிக்க ஹோட்டல் அறையில் தினமும் புது சோப்பு வைப்பதைப் பார்த்துத் திகைத்தார். பின்னால் அட்லாண்டாவில் மிச்ச சோப்பைச் சேகரிக்கத் தொடங்கினார். 2009இல் ஓர்லாண்டோவில் ஷான் செய்ப்லரும் அவர் வீட்டாரும் கார் ஷெட்டில் உட்கார்ந்து, காய் சீவும் கத்தியால் சோப்பைச் சுரண்டித்தான் ஆரம்பித்தார்கள். இதைப் படித்த பிறகுதான், என் அடுப்படியிலும் முடியும் என்று தைரியம் வந்தது.

"எச்சில் சோப்பையா ஏழைக்குக் கொடுப்பது?" என்று கேட்டவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நியாயமான கேள்வி. கிருமி தடவிய சோப்பால் கை கழுவியவர்களுக்கு அந்தக் கிருமி ஒட்டவில்லை என்று 1988இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பிக் கொடுத்துவிட மனசு வரவில்லை. மேல்பரப்பை முழுக்கச் சீவி எறிந்தோம். உள்ளதைத் துருவி, கொதிநீருக்கு மேல் பாத்திரம் வைத்து நெடுநேரம் வேகவைத்தோம். கடைச் சோப்பு மெழுகு மாதிரி உருகாது, களி மாதிரிதான் ஆகும். அதை அச்சில் அழுத்தி அடைக்க வேண்டும். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு கட்டி பரிசோதனைக்குப் போனது. காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்த ஆய்வகத் தம்பி பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. முதல் ஈட்டுச் சோப்பை ஒரு மாதம் என் வீட்டில்தான் எல்லோரும் தேய்த்துக் குளித்தோம். என் பிள்ளைக்கு ஆகாதது இன்னொருத்தி பிள்ளைக்கும் ஆகாது.

இரண்டாவது ஈடு கெட்டுப் போனது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் துணியே காயாது, சோப்பு எங்கே காயும்? உள்ளே ஈரம் நின்று கருப்பு பூத்தது. மொத்தத்தையும் கொட்டினோம், அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் சோப்பையும் உலர்த்திக்கொள்ளச் சொன்னார்கள். அந்த நல்ல மனசுக்கு நன்றி, ஆனால் சோப்பு வாசம் காயில் ஏறினால் அவர்கள் பிழைப்பு என்னாகும்? மாட்டேன் என்றுவிட்டேன்.

அப்போதுதான் போடி ஜீப் அண்ணன் கைகொடுத்தார். காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை மலையேற்றிக் கொண்டுவருகிற ஜீப் சாயங்காலம் இறங்கத்தானே வேண்டும்? நாள் முழுக்கக் காயெடுத்துக் களைத்த அக்காமார், கால் வைக்கும் இடத்தில் சோப்புத் தட்டுகளை வைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் முழங்காலை மடக்கியே உட்கார்ந்து போனார்கள். போடிமெட்டு சோதனைச் சாவடியில் வெள்ளைக் கட்டிகளைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர், விஷயம் கேட்டதும் ஒரு கட்டியை மோந்து பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்று கை காட்டினார். அவருக்கும் நன்றி. மேலே மழை கொட்டும்போது போடியில் காற்றுதான் அடிக்கும். அந்தக் காற்றில், ஒரு பாட்டி தன் மொட்டைமாடியைக் கொடுத்து, காக்கா கொத்தாமல் காவலும் இருந்து, நாலு வாரத்தில் கல் மாதிரி காய வைத்துத் திருப்பி அனுப்பினார்.

போன மழைக்கு முகாமில் ஆளுக்கொரு கட்டி கொடுத்தோம். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய ஒரு சின்னப் பெண் கட்டியை மூக்கில் வைத்துக்கொண்டு கீழே வைக்கவே மாட்டேன் என்றாள். பல ஹோட்டல் வாசம் கலந்ததல்லவா, எங்களுக்கே என்ன மணம் என்று சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு விஷயம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் இன்னும் இரண்டு ஈடு போடிக்கு இறங்க வேண்டும். நீல மூடி வாளிகளில் மூன்று திரும்பி வரவில்லை. யாரிடம் இருந்தாலும் பூப்பாறை பஸ் ஸ்டாப் டீக்கடையில் கொடுத்துவிடுங்கள், சேட்டனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பூப்பாறை அங்கன்வாடி டீச்சர்